மாக்கோழியும் நாமக்கல் கோழியும்

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தில் ஒரு சேவல் பலியாகிறது. அது உயிருள்ள சேவல் அல்ல, மாவால் பிடித்தது. தீக்கனவு கண்டதாகச் சொன்ன மன்னன் யசோதரனிடம், தேவிக்குச் சேவல் பலி கொடுத்தால் கேடு விலகும் என்கிறாள் தாய் சந்திரமதி. கொலைக்கு அவன் மனம் ஒப்பவில்லை. தாயின் சொல்லைத் தட்டவும் முடியவில்லை. மாவில் சேவல் செய்து, அதை வாளால் வெட்டுகிறான். பிறகு மனைவி அமிர்தமதி வைத்த நஞ்சில் தாயும் மகனும் மாண்டுபோகிறார்கள். மயிலும் நாயுமாகத் தொடங்கி, விலங்குப் பிறவிகள் பலவற்றில் விழுந்து வதைபடுகிறார்கள். கடைசியில் கோழிகளாகவே பிறக்கிறார்கள். ஒரு முனிவரின் அறவுரை கேட்ட மகிழ்ச்சியில் கூவுகிறார்கள்; அந்தக் குரலைக் குறிவைத்து அரசன் எய்த அம்பில் உயிர் விடுகிறார்கள். வெட்டுப்பட்டது மாவுதான் என்றாலும், வெட்டிய மனத்தில் இருந்தது கொலை என்பது காவியத்தின் தீர்ப்பு.

இவ்வளவு நுட்பமாகக் கோழியின் சாவை எடைபோட்ட மொழியில்தான் இன்று நாமக்கல் இருக்கிறது. இந்தியாவின் முட்டை வணிகத்தில் முன்வரிசையில் நிற்கும் அந்த மாவட்டத்தில் கோடிக்கணக்கான கோழிகள் கம்பிக் கூண்டுகளில் வாழ்கின்றன. முட்டைக்காக அங்கே யாரும் எந்தக் கோழியையும் கொல்வதில்லை. சேவல் சேராத கோழி இடும் முட்டையில் குஞ்சுக்கான கருவும் இல்லை. கொல்லாமையை மட்டும் அளவுகோலாக வைத்துப் பார்த்தால், முட்டைப் பண்ணை ஏறக்குறைய குற்றமற்றது.

அந்த அளவுகோல் இங்கே போதுமா என்பதுதான் கேள்வி. கோழி எப்படிச் சாகிறது என்று காலமெல்லாம் கேட்ட சமூகம், அது எப்படி வாழ்கிறது என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

முட்டைக்கோழியின் வாழ்க்கையைப் படிப்படியாகப் பார்க்கலாம். குஞ்சு பொரிப்பகத்தில் இயந்திரச் சூட்டில் பிறக்கிறது. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று கேட்கும் பழமொழிக்கு அந்தக் குஞ்சின் வாழ்வில் இடமே இல்லை. அது தாயைப் பார்ப்பதே இல்லை. முதல் சில வாரங்களுக்குத் தாயின் இறகுச் சூட்டுக்குப் பதிலாக ப்ரூடர் விளக்கின் வெப்பம். முதல் அல்லது இரண்டாம் வாரத்தில், சூடேறிய தகடு பொருத்திய இயந்திரத்தில் அலகின் நுனி வெட்டப்படுகிறது. நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்திப் புண்ணாக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. சில பண்ணைகளில் வளர்பருவத்தில் இன்னொரு முறையும் வெட்டுவார்கள். அலகு நகம் போன்றதல்ல. உள்ளே நரம்பு ஓடுகிறது. தீவனத்தைத் தேர்ந்து பொறுக்கவும் தரையைக் கிளறி அறியவும் கோழிக்கு விரல்போல் இருப்பது அதுதான்.

ஏறத்தாழ பதினெட்டு வார வயதில் முட்டைக் கூண்டுக்கு மாற்றுகிறார்கள். ஆறேழு அடி உயரத் தூண்களின் மேல் நீண்ட கொட்டகை. நேர்வெயில் உள்ளே விழாமல் இருக்கக் கிழக்கு மேற்காக அமைத்தது. பக்கங்கள் காற்றோட்டத்துக்காகத் திறந்தவை. உள்ளே வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். தரையும் கம்பிதான். எச்சம் கீழே விழும். முட்டை சரிவில் உருண்டு முன்பக்கத் தட்டுக்கு வரும். குடிக்க நிப்பிள் குழாய், தின்ன முன்னால் ஓடும் தீவனத் தொட்டி. பகல் வெளிச்சத்தோடு விளக்கையும் சேர்த்து ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேர ஒளி. எழுபது எண்பது வாரம் வரை, அதாவது முட்டை குறையும் நாள் வரை, கோழி அந்தக் கூண்டை விட்டு வெளியே வருவதில்லை. வெளியே வரும் நாளில் இறைச்சிக்கு லாரி ஏறுகிறது.

நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் ஓர் அளவு: 15 அங்குல அகலம், 12 அங்குல ஆழம், மூன்று கோழிகள். ஒரு கோழிக்கு 60 சதுர அங்குலம், சுமார் 387 சதுர சென்டிமீட்டர். அலுவலகத்தில் அச்சிடும் ஏ4 தாள் ஒன்றின் பரப்பு சுமார் 624.

இந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பதையும் நினைக்க வேண்டும். தென்கிழக்காசியக் காடுகளின் செங்காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை. ஆனால் பல வீட்டுக்கோழிகளின் தோலில் காணும் மஞ்சள் நிறத்துக்கான மரபணு வேறோர் இனத்திலிருந்து வந்தது என்று 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த இனம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் கூவித்திரியும் சாம்பல் காட்டுக்கோழி. உலகெங்கும் கூண்டில் நிற்கும் கோழிகள் பலவற்றின் உடலில் நம் மலைக்காட்டின் ஒரு துளி இருக்கிறது. முதன்மை மூதாதையான செங்காட்டுக்கோழி ஆண்டுக்கு ஒரு டஜன் அளவில்தான் முட்டையிடும். நம் நாட்டுக்கோழி அறுபது முதல் எண்பது வரை இடும். இட்டு முடித்ததும் அடை உட்காரும். பண்ணையின் வெள்ளை லெகார்ன் வழிக் கோழி முந்நூறைத் தொடுகிறது, தாண்டவும் செய்கிறது. அடை உட்காரும் குணமே அதனிடமிருந்து பெரும்பாலும் களையப்பட்டுவிட்டது.

ஆனால் எல்லாக் குணமும் களையப்படவில்லை. முட்டையிடும் நேரம் நெருங்கும்போது கூண்டுக்கோழி அமைதியிழந்து முன்னும் பின்னும் நடக்கப் பார்க்கிறது; மறைவான இடம் தேடுகிறது. புழுதியே கண்டிராத கோழி, வெறுங்கம்பியில் படுத்து மண் குளிப்பதுபோல் உடலைத் தேய்த்துச் சிறகை உதறுகிறது. மண் இல்லை, மண்ணுக்கான தவிப்பு இருக்கிறது. கோழிக்கு வலி உண்டா என்று சந்தேகப்படுபவர்கள்கூட இந்தக் காட்சிக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

முட்டை பற்றிய அறக் கேள்வியை இந்தியாவில் மிகத் தெளிவாகக் கேட்டவர்களில் ஒருவர் காந்தி. 1942-ல் ஆகா கான் மாளிகைச் சிறையில் எழுதத் தொடங்கிய உடல்நலம் பற்றிய நூலில், சேவல் சேராமல் இட்ட முட்டை குஞ்சாகாது, எனவே பால் அருந்துபவர் அதை உண்பதில் தடை இருக்க முடியாது என்ற கருத்தை அவர் முன்வைத்தார். உயிர் இருக்கிறதா, இல்லையா என்பதை வைத்து முட்டையைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார். இதே காந்தி பால் விஷயத்தில் வேறு வழியில் நடந்தவர். கடைசிச் சொட்டுப் பாலையும் கறப்பதற்காகப் பசுவுக்குச் செய்த ‘பூக்கா’ என்னும் கொடுமையை அறிந்தது, 1912-ல் டால்ஸ்டாய் பண்ணையில் அவர் பாலையே கைவிட்டதற்கு முக்கியமான காரணம். பின்னாளில் நோயில் ஆட்டுப்பாலுக்கு இணங்கியதைத் தன் வரலாற்றில் வேதனையோடு எழுதினார். பாலில் உயிர் இல்லை. பசுவைக் கொல்லவும் இல்லை. ஆனாலும் அந்தப் பசு என்ன பாடுபட்டது என்று அவர் பார்த்தார். முட்டைக்கு அந்தப் பார்வை போகாததற்குக் காரணம் எளிது: அன்றைய இந்தியாவில் கோழி முற்றத்தில் மேய்ந்தது. இன்றைய கூண்டைக் கண்டிருந்தால், முட்டைக்கும் அவர் பசுவின் பக்கமிருந்தே பதில் தேடியிருப்பார் என்று நம்ப நியாயம் இருக்கிறது.

நம் மரபு வாழ்வைப் பற்றிப் பேசவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சமணர்கள் பேசியிருக்கிறார்கள். சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரம் இல்லறத்தாருக்கான ஒழுக்கநூல். தமிழ்ச் சமணரின் அருங்கலச்செப்பு அதைத் தழுவியது. கொல்லா நோன்பு பூண்ட இல்லறத்தான், கொல்லாமலே அந்த நோன்பைக் குலைக்கும் ஐந்து வழிகளை அந்த மரபு வகுத்துவைத்தது: உறுப்பை அறுத்தல், கட்டி அடைத்தல், துன்புறுத்தல், தாங்காத பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். வண்டி மாட்டையும் உழவு மாட்டையும் மனத்தில் வைத்து எழுதிய பட்டியலாக இருக்கலாம். ஆயினும் இன்றைய பண்ணைக்கு முன்னால் வைத்தால், ஒவ்வொரு வரியும் அப்படியே பொருந்துகிறது.

அறுத்தல், அலகு. அடைத்தல், கூண்டு. உணவு தடுத்தலுக்கும் இடம் உண்டு: முட்டை குறைந்த கோழிக்குச் சில நாள் தீவனத்தை நிறுத்தி, இறகுதிர வைத்து, மறுபடி முட்டையிடச் செய்யும் முறை அமெரிக்கா முதலிய நாடுகளில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. பாரம் ஏற்றுதல்தான் உற்றுப் பார்க்க வேண்டியது. கோழியின் முதுகில் யாரும் மூட்டை வைப்பதில்லை. ஆனால் ஒரு முட்டை ஓட்டில் சுமார் இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. ஆண்டுக்கு முந்நூறு முட்டை என்றால் அறுநூறு கிராம். ஒன்றரைக் கிலோ அளவே எடையுள்ள ஓர் உடல் வழியாக இவ்வளவு சுண்ணாம்பு வெளியேறுகிறது. தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் சேர்த்தாலும், இரவில் ஓடு உருவாகும் நேரத்தில் கோழி தன் எலும்பிலிருந்தும் எடுத்துத்தான் கொடுக்கிறது. நடமாட்டமும் இல்லாததால் எலும்பு நொய்ந்துபோகிறது. கூண்டிலிருந்து பிடித்து இழுக்கும்போது இறக்கையோ காலோ முறிவது பண்ணை உலகம் அறிந்த சங்கதி. இந்தப் பாரம் வெளியிலிருந்து ஏற்றியதல்ல. இனத்தேர்வின் வழியாக உடலுக்குள்ளேயே வைத்தது. பழைய அறநூலார் காணாத ஒன்று இது. ஆனால் அவர்களுடைய பட்டியல் இதைப் பிடிக்கிறது.

பண்ணை விலங்கு எப்படி வாழ்கிறது என்ற கேள்வியை மேற்கில் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர் ரூத் ஹாரிசன் என்ற ஆங்கிலப் பெண்மணி. போரையும் வன்முறையையும் மறுக்கும் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். 1964-ல் அவர் எழுதிய ‘அனிமல் மெஷின்ஸ்’ நூலுக்கு ரேச்சல் கார்சன் முன்னுரை எழுதினார். அது எழுப்பிய கொந்தளிப்பில் பிரிட்டன் அரசு பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் குழு அமைத்தது. விலங்குக்குத் தடையின்றித் திரும்பவும், உடலைக் கோதிக்கொள்ளவும், எழவும், படுக்கவும், கைகால் நீட்டவும் இடம் வேண்டும் என்று 1965-ல் அக்குழு சொன்னது. 1979-ல் இவை ‘ஐந்து சுதந்திரங்கள்’ என்ற வடிவம் பெற்றன: பசி தாகத்திலிருந்து, வசதிக்குறைவிலிருந்து, வலி காயம் நோயிலிருந்து, அச்சம் துயரத்திலிருந்து விடுதலை, தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் உரிமை. தமிழ் வாசகர்களுக்கு இவை அறிமுகமானவைதான். ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் இந்த ஐந்தையும் இந்திய விலங்குகளுக்கு உரியவையாக ஏற்றுப் பேசியது. பண்ணைக் கொட்டடிகளைக் கண்ட மனக்கசப்பில் பிறந்த கருத்து, காளை வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. காளைக்காகத் தமிழகமே திரண்டு வாதிட்டது, இரு தரப்பிலும். கோழிக்காக அப்படி எந்த வாதமும் இங்கே நடக்கவில்லை.

பிராம்பெல் குழுவின் ஒரு பரிந்துரைக்கு நேர்ந்தது கவனிக்கத்தக்கது. மெல்லிய அறுகோணக் கம்பிவலை கோழியின் காலுக்கு ஆகாது, தடித்த வலை வேண்டும் என்று குழு சொன்னது. பிறகு ஹியூஸ், பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டு தரையையும் வைத்துக் கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டார்கள். கோழிகள் மெல்லிய வலையையே விரும்பின. காலுக்கு அதிக இடங்களில் தாங்கல் கிடைத்தது காரணம். அன்புள்ளம் மட்டும் போதாது என்பதற்கு இது நல்ல சான்று. இரக்கப்படுபவர் தன் காலை நினைத்து இரக்கப்படுகிறார். நிற்பது கோழியின் கால். ஆக்ஸ்போர்டில் மரியன் டாக்கின்ஸ் இந்த வழியை மேலும் கொண்டுபோனார். கோழியின் ஒவ்வொரு அசைவும் எவ்வளவு இடம் கேட்கிறது என்று அவரும் ஹார்டியும் 1989-ல் அளந்தார்கள். சும்மா நிற்கச் சராசரியாக 475 சதுர சென்டிமீட்டர், திரும்ப 1272, சிறகடிக்க 1876. அவர்கள் அளந்தவை சற்றுப் பருத்த கோழிகள், நாமக்கல் வெள்ளைக்கோழி சிறியது என்பதைக் கழித்துக்கொண்டாலும், 387 என்ற எண் திரும்புவதற்கோ சிறகடிப்பதற்கோ எவ்வகையிலும் எட்டாது.

கூண்டு வைத்தவர்கள் கொடியவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. கூண்டு ஒரு நோய்க்கு மருந்தாக வந்தது. ஆழ்கூள முறையில் நெல் உமியோ கடலைத் தோலோ மரத்தூளோ சில அங்குல உயரத்துக்குப் பரப்பி, கோழிகளை அதன்மேல் விடுவார்கள். முட்டைக்கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி கணக்கு, அதாவது 1858 சதுர சென்டிமீட்டர். டாக்கின்ஸ் சிறகடிக்கச் சொன்ன அளவுக்கு ஏறக்குறைய வந்துவிடுகிறது. கிளறலாம், மண் குளிக்கலாம், ஐந்து கோழிக்கு ஒன்றாக வைத்த பெட்டியில் ஒதுங்கி முட்டையிடலாம். ஆனால் கூளம் நனைந்தால் அம்மோனியா கண்ணை எரிக்கும், இரத்தக் கழிச்சல் பரவும், குடற்புழு ஏறும். கூளத்தை அடிக்கடி கிளறிவிட ஆள் வேண்டும். எச்சத்தையும் கோழியையும் பிரித்ததுதான் கம்பித்தரை செய்த பெரிய வேலை. முட்டையும் சுத்தமாகக் கிடைத்தது.

முற்றத்துக் கோழியின் வாழ்வையும் பொன்னாக எழுதிவிடக் கூடாது. பகலில் மேய்ந்து இரவில் பஞ்சாரத்துக்குள் அடையும் கோழி, கோழியாக வாழ்கிறது, உண்மை. அதே முற்றத்தில் பருந்தும் கீரியும் குஞ்சுகளைத் தூக்குகின்றன. தடுப்பூசி போடாத ஊரில் வெள்ளைக் கழிச்சல் நுழைந்தால் சில நாள்களில் முற்றமே வெறிச்சோடிப்போகும். கூண்டில் வைத்திருந்தால் தடுப்பூசி தவறாது, தண்ணீர் தவறாது, நரி வராது. ஐரோப்பாவில் கூண்டை ஒழித்துப் பல அடுக்குத் தளங்களில் கோழிகளை விட்டபோது, தாவி இறங்கும்போது மார்பெலும்பு முறிவதும் ஒன்றையொன்று கொத்திக் கொல்வதும் புதிய தலைவலிகளாயின. சுதந்திரத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான பழைய வழக்கு கோழிக்கூடத்திலும் நடக்கிறது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அது பசி. தமிழகப் பள்ளிகளின் மதிய உணவுத் தட்டில் வேகவைத்த முட்டை இருக்கிறது. வீட்டில் பருப்பே அரிதான குழந்தைக்கு அது புரதம். அந்த முட்டை மலிவாக இருப்பதற்குக் காரணங்களில் ஒன்று கூண்டு. வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கியபோது, உயிர்களிடம் காட்டும் இரக்கத்தின் முதல் வேலை பசி தீர்ப்பது என்று வைத்தார். புலாலை அவர் அறவே மறுத்தவர். ஆயினும் அவர் விட்டுச்சென்ற நெறிக்குள்ளேயே இங்கே இரண்டு உயிர்கள் எதிரெதிரே நிற்கின்றன, கூண்டில் திரும்ப முடியாத கோழியும் தட்டின் முன் காத்திருக்கும் குழந்தையும். கோழியின் பெயரைச் சொல்லிக் குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுப்பது எந்த அறத்திலும் சேராது. பல மாநிலங்களில் சமயத்தின் பெயரால் அந்த முயற்சி நடந்திருக்கிறது. அங்கே கோழியின் வாழ்வைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சட்டமும் சாவையே பார்த்துப் பழகியது. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழக அரசு 2003-ல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. எதிர்ப்பு எழுந்தது, 2004-ல் சட்டமே நீக்கப்பட்டது. கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் அறுபடும் அந்த ஒரு கணத்தைப் பற்றி மாநிலமே விவாதித்தது. அந்தச் சேவலோ அதுவரை தெருவில் மேய்ந்து, பெட்டையோடு திரிந்து, விடியலில் கூவி வாழ்ந்தது. முட்டை இனத்தில் ஆணாகப் பிறக்கும் குஞ்சுக்கு அந்த வாழ்வும் கிடையாது. முட்டையும் இடாது, இறைச்சியும் போதாது என்பதால், பொரித்த நாளிலேயே அதைக் கழித்துவிடுவது உலகெங்கும் முட்டைத் தொழிலின் வழக்கம். முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று கண்டறியும் நுட்பம் வந்த பின், ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து இதைத் தடைசெய்தது. முட்டைக்காக எந்த உயிரும் சாவதில்லை என்று முன்னே ஒப்புக்கொண்ட கணக்கு இந்தக் குஞ்சுகளிடம் வந்து உடைகிறது.

கூண்டைப் பற்றி இந்தியாவில் சட்டமே இல்லை என்று நினைப்பது தவறு. அசைவதற்குப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் விலங்கை அடைப்பது 1960-ஆம் ஆண்டின் வதைத்தடுப்புச் சட்டப்படியே குற்றம். 2017 ஜூலையில் சட்ட ஆணையம் தன் 269-ஆவது அறிக்கையை முழுக்க முட்டைக்கோழி, இறைச்சிக்கோழி வளர்ப்புக்கே ஒதுக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் முடிவெடுத்து, பழைய கூண்டுக்கு முதலில் 550 சதுர சென்டிமீட்டர் என்று வரம்பு வைத்து, 2012 ஜனவரி முதல் அதை முழுதும் நீக்கியது. கூண்டு வேண்டுமென்றால் கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர், உள்ளே ஒதுக்குப்பெட்டி, உட்காரக் கம்பு, கிளறக் கூளம். முடிவுக்கும் நடைமுறைக்கும் இடையே பண்ணையாளர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடைத்தன.

இங்கே கூண்டை மாற்றும் சுமை யார் தோளில் விழும் என்று பார்க்க வேண்டும். 387-ஐ 550 ஆக்கினால், பத்தாயிரம் கோழி நின்ற கொட்டகையில் ஏழாயிரம்தான் நிற்கும். கொட்டகைக் கடனும் வட்டியும் குறையாது. முட்டையின் அடக்கவிலையில் பெரும்பங்கு தீவனம்; மக்காச்சோளம், சோயா விலை ஏறும்போதெல்லாம் ஏற்கெனவே மூச்சுத் திணறுபவர் பண்ணையாளர். நகரத்தில் அதிக விலை கொடுத்துக் ‘கூண்டில்லா முட்டை’ வாங்குபவரால் ஒரு சிறு சந்தை உருவாகும், அவ்வளவுதான். நிலைமையை மாற்றும் அளவுக்கு மொத்தமாக முட்டை வாங்குவது மதிய உணவுத் திட்டம். டெண்டரில் முட்டையின் எடைக்கு ஒரு வரி இருப்பதுபோல், கோழி நிற்கும் இடத்துக்கும் ஒரு வரி சேர்க்கலாம். கூடுதல் காசை மாநிலம் ஏற்கலாம். குழந்தையின் தட்டில் முட்டை குறையாது. ஆனால் கூண்டை மாற்றக் கடன் வாங்கும் பண்ணையாளருக்கு, அந்தக் கடன் அடையும்வரை கொள்முதல் உறுதி வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்தை நம்பி யாரும் கொட்டகையைப் பிரித்துக் கட்டமாட்டார்கள்.